மிச்சமிருக்கிற பற்கள்

சுபைறாவின் புருஷன் முத்தலிப்புக்கு முன்பல் மூன்றைப் பிடுங்கியிருந்தார்கள். "மிச்சமும் போகட்டும், கரச்சல் முடியும்" என்று நேற்றும் அவன் வெற்றிலை போட்டான். வெற்றிலைத் தட்டத்தை ஒளித்துவிடுவேன் என்று அவள் கத்தினாள். காலையில் அவன் கல்முனைச் சந்தைக்குப் போன பிறகு, அவள் கலண்டர் தாளொன்றின் பின்பக்கத்தில் அலுப்போடு எழுதினாள்:

"புள்ளைகள்ற வாப்பாக்கு, உம்மாக்குச் சுகமில்லையாம், இறக்காமத்துக்கு அவவப் பாக்கப் போறன். கஞ்சி அடுப்படியில இரிக்கி. மீன் ஆணத்துக்கு உறைப்புப் போடல்ல. திண்டாப் பொறகு உப்புத் தண்ணியில வாய் கொப்புளிங்க. மிஸ்வாக் குச்சியால மெதுவாத் தேய்ங்க, பல் முரசு நோகாம. இருக்கிற பல்லையாவது காப்பாத்துங்க. வெத்திலைத் தட்டத்தை நான் ஒளிக்கல்ல. இனிச் சண்டை பிடிக்க எனக்கு ஏலா."

எழுதி முடித்தும் அவளுக்கு எழும்ப மனம் வரவில்லை. ஆடிக்கொண்டிருந்த தன் கடைவாய்ப் பல்லை நாக்கு தானாகவே தேடிப் போனது. அதைப் பற்றி அவள் இதுவரை ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. தாளின் அடியில் மிஞ்சிய இடத்தில் நெருக்கி எழுதினாள்:

"என்ட பல்லொண்டும் ஆடுது. ஆஸ்பத்திரிக்குத் தனியப் போகப் பயமா இரிக்கி. நான் வந்தாப் பொறகு நீங்களும் கூட வாங்க."