ஜாடிக்குள் இருப்பவர்

அன்பு மகனே,

நாங்கள் இருவரும் இருக்கிறோம். நீ வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குப் போர்த்திக்கொண்டு நன்றாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் இதைத் தொடங்குகிறேன். கையெழுத்தைப் பார்த்துப் பதறாதே. என் வலது மணிக்கட்டு பிசகிக் கட்டுப் போட்டிருக்கிறார்கள், அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். நான் வாய்க்கு வந்தபடி பேசுவதை இவள் திருத்தி எழுதிப் படித்துக் காட்டினால், யாரோ பெரிய படிப்புப் படித்தவள் பேசுவதுபோல் இருக்கிறது. அப்பாவைப் பார்த்துக்கொள்ளப் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு இந்தத் தமிழ் எங்கிருந்து வந்ததோ. இதை எழுத மாட்டேன் என்று பேனாவை வைத்துவிட்டாள், எழுதுடி என்று அதட்டினேன்.

அப்பாவின் கடைசி மாதங்களில் எடுத்த படம் ஒன்றாவது அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தாய். முகத்தைப் பார்க்க வர முடியாமல் போன பிள்ளை கேட்டது அது ஒன்றுதான், அதுவும் எங்களிடம் இல்லை. போனை எடுத்தாலே தலையைத் திருப்பிக்கொள்வார், "இந்த மூஞ்சியப் போயி புடிக்கிறியே, தேறி எழுந்ததும் எடு" என்பார். தேறவில்லை. இதை எப்படி உனக்கு எழுதுவது என்றுதான் பதில் போடாமலே இருந்தேன்.

நீ அனுப்பிய எண்ணெய் வர்ணப் பெட்டியை இவள் வெகுநாள் பிரிக்காமலே வைத்திருந்தாள். அப்பா ஜன்னலோர நாற்காலியே கதி என்று ஆன பிறகு, அவரைத் தனியே விட மனமில்லாமல் அந்த அறையிலேயே சாப்பாட்டு மேஜையில் கடை விரித்தாள். பித்தளை ஜாடி, இரண்டு வெங்காயம், பாதி தோல் சீவிய எலுமிச்சை, கசங்கிய வெள்ளைத் துணி. கண்ணெதிரே இருப்பதைப் பார்த்துப் பார்த்து அப்படியே தீட்ட வேண்டுமாம், கண்ணில் படாத எதையும் சேர்க்கக் கூடாதாம். மேஜையை யாரும் தொடக் கூடாது என்று உத்தரவு, நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். மாடி வீட்டுக்காரி எட்டிப் பார்த்து "வரையிற நேரத்துக்கு அந்த வெங்காயத்த நறுக்கினா சமையலாவது ஆகும்" என்றாள். அதற்கு உன் அப்பா "எனக்குத்தான் எதுவும் எறங்கல, கண்ணாலயாவது சாப்பிட்டுட்டுப் போறேன் விடும்மா" என்றார். அன்று சிரித்ததுதான் இந்த வீட்டில் கடைசிச் சிரிப்பு.

அழுகுவதை முதலில் தீட்ட வேண்டும் என்று எலுமிச்சையை முடித்தாள், பிறகு வெங்காயம், பிறகு துணி. ஜாடி எங்கே போகப்போகிறது என்று அதைக் கடைசிக்கு ஒதுக்கினாள். அதற்குள் அப்பா போய்விட்டார்.

அதற்குப் பிறகு அந்த நாற்காலி என் கண்ணை உறுத்தியது. ஒருநாள் ஆத்திரத்தில் நானே அதைப் பின் அறைக்கு இழுத்துக்கொண்டு போனேன், கை பிசகியது அப்போதுதான். இவள் தினமும் மேஜைக்கு முன்னால் உட்காருவாள், தூரிகையைத் தொட மாட்டாள். எலுமிச்சை காய்ந்து சுருங்கியது, வெங்காயம் முளைவிட்டது. பித்துப் பிடித்துவிடுமோ என்று எனக்குப் பயம். "எதையாவது செய்யேன்டி, இல்ல மேஜையக் காலி பண்ணு" என்று கத்தினேன். ஊமைக்கோட்டான், வாயைத் திறக்கவே இல்லை.

போன வாரம் இடது கையால் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். ஜன்னலோரத்தில் சாக்பீஸால் நான்கு வட்டம் போட்டிருந்தது. துணியை வைக்கப் போனேன், "அதத் தொடாதம்மா" என்று இவள் அலறினாள். இவளுக்கு அப்படி ஒரு குரல் இருப்பதே எனக்குத் தெரியாது. நாற்காலிக் கால்கள் இருந்த இடமாம் அது. என் கையைப் பிடித்து ஜாடிக்கு முன்னால் நிறுத்தினாள். அதன் வயிற்றில் ஜன்னல், சுவர், நான், எல்லாம் வளைந்து தெரிந்தது. பிறகு படத்தைக் காட்டினாள். தீட்டாத ஜாடிக்குள் கட்டை விரல் நகம் அளவுக்கு ஒரே ஒரு பழுப்புத் தீற்றல். நாற்காலியில் சாய்ந்து தூங்கும் உன் அப்பாவின் தலை. எங்கே அசைந்துவிடுவாரோ என்று அதை மட்டும் அவர் தூங்கிய அன்றே தொட்டு வைத்தாளாம். "ஜாடியில நாற்காலி இருந்த எடத்துல இப்ப வெறும் வெளிச்சம்தாம்மா இருக்கு, நான் எதப் பாத்துப் போடுவேன்" என்றாள்.

இருவருமாக நாற்காலியைத் தூக்கி வந்து அந்த வட்டங்களில் வைத்தோம். வெறும் நாற்காலியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். கேட்கக் கூச்சம். நானே அவருடைய சாம்பல் நிற ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அதில் இன்னும் அவருடைய தைல வாசனை. இவள் ஜாடியைப் பார்ப்பதும் தீட்டுவதுமாக இருந்தாள், நான் ஜன்னலைப் பார்த்து அழுதுகொண்டிருந்தேன். "தோளக் குலுக்காதம்மா" என்று மட்டும் சொன்னாள்.

நேற்று முடித்துவிட்டாள். நீ கேட்ட படம் இதுதான், இதைவிட வேறு இல்லை. தலை அவர், தோளும் மடியும் நான். முகம் என்று எதுவும் தெரியாது, ஆனால் அந்தச் சாய்வைப் பார்த்தால் உனக்குப் புரியும். உடனே அனுப்ப முடியாதாம். தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தாலும் உள்ளே பல மாதம் ஈரம் இருக்குமாம். அது காய்வதற்குள் நீயே வந்து பார்த்துவிட்டால் அனுப்புகிற வேலை மிச்சம். லீவு கேட்டுப் பார். கிடைக்காவிட்டால் மனசை வருத்திக்கொள்ளாதே. ராத்திரி கண் விழிக்காதே, வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே. எங்கிருந்தாலும் நல்ல மனிதர்கள் நடுவே நீ இருக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் அம்மா (இடது கையால் கீறியது)

அண்ணா, இது அம்மா சொல்லாமல் நான் எழுதுவது. வேலை முடிந்துவிட்டது, நாற்காலியை உள்ளே வைத்துவிடலாமா என்று இன்று காலையில் கேட்டேன். ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு அதில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.