சிவப்புத் துணித்துண்டு

அன்புள்ள அப்பாவுக்கு, மகளின் வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

வேலையில் சேர்ந்த பத்தாம் நாளே ஒரு கூத்து. என் மேசையில் இரண்டு கம்ப்யூட்டர் திரைகள்: ஒன்று சும்மா சோதித்துப் பார்க்கும் ஒத்திகை சர்வருக்கு, மற்றது ஆபீஸே நம்பியிருக்கும் நிஜ சர்வருக்கு. இரண்டும் ஒரே கறுப்பு. ஒத்திகை என்று நினைத்து நிஜத்தை அணைத்துவிட்டேன். மாடி முழுக்க, "என்னாச்சு, எல்லாம் நின்னுபோச்சு!" என்று சத்தம். மேலதிகாரியம்மா ஓடிப்போய் அதை மறுபடி ஓடவைத்துவிட்டு, "எந்தத் திரைன்னு பாத்துட்டு கை வைம்மா" என்றார். அவ்வளவுதான். இப்போதெல்லாம் என்டர் கீயைத் தொடுமுன் எந்தத் திரை என்று மூன்று தடவை பார்க்கிறேன்.

நிஜத் திரையில் அடையாளமாகக் கட்ட, உங்கள் தையல் மிஷினடியில் கிடக்கும் சிவப்புத் துண்டு ஒன்று அனுப்புங்கள். இங்கே கடையில் கிடைக்கும்தான். உங்களுடையதே வேண்டும்.

கூப்பிடுகிறார்கள், போகிறேன். போனில் "நல்லா இருக்கியா" என்று ஒரு தடவை மட்டும் கேளுங்கள் அப்பா. இரண்டாம் தடவை கேட்டால் உடைந்துவிடுவேன்.