ரிக்லிண்டின் பங்கு

நவம்பர், புனித மார்ட்டின் திருநாளுக்கு மறுநாள்

சாப்பாட்டறையில் ரிக்லிண்டின் இடத்தில் இன்றும் அப்பம், ஒரு குவளை திராட்சை ரசம். இறந்தவளின் பங்கை ஒரு மாதம் தினமும் அவள் இடத்தில் வைத்து, சாப்பாடு முடிந்ததும் எடுத்து வாசல் ஏழைக்குக் கொடுப்பது எங்கள் கன்னியர் மடத்து வழக்கம். தலைவி அம்மா அவள் குரலுக்கென்றே இயற்றிய பாடல்களைப் பாட இப்போது ஆளில்லை. அம்மா சொல்வதை மெழுகுப் பலகையில் எழுதுகிறவள் நான். அடக்கத்துக்குப் பிறகு அம்மா ஒரு சுரமும் சொல்லவில்லை.

நவம்பர், புனித அந்திரேயா நாள்

ஆலயத்தில் தனியாக அவளுடைய பாட்டை முணுமுணுத்தேன். உச்சியில் குரல் உடையவில்லை. எனக்கு அந்த உயரம் கிடையாதே — யார் பாடியது? திரும்பினால், தூணைப் பிடித்தபடி அம்மா.

"இன்னொரு தடவ பாடு, கண்ணு."

அது ரிக்லிண்டை அழைக்கும் சொல். என்னை ஒருநாளும் அப்படி அழைத்ததில்லை.

டிசம்பர், புனித லூசியா நாள்

மாதம் முடிந்தும் பங்கை நிறுத்த அம்மா விடவில்லை. என்னை அந்த இடத்தில் உட்காரச் சைகை காட்டினார். அந்தப் பங்கைச் சாப்பிடவும் சைகை. சாப்பாட்டறையில் பேசக்கூடாது, வெளியே வந்ததும் துணைத்தலைவி வில்பிர்க் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி, வாசல்ல கிழவன் வெறுங்கையோட போறான். செத்தவ பங்க நீ தின்னுட்டு வர்றியா?"

"அம்மாதான்..."

"அம்மா ரைன் ஆத்துல குதின்னா குதிப்பியா? உன் பேராவது ஞாபகம் இருக்கா?"

"கிஸ்லா" என்றேன். ஏன் அவ்வளவு சத்தமாகச் சொன்னேன்?

ஜனவரி, மூன்று அரசர் திருநாள்

அம்மா மறுபடி இயற்றுகிறார். நிற்காமல் வருகிறது. "ரிக்லிண்ட், இதப் பாடு" என்கிறார். பெயரைத் திருத்தினால் பாட்டு நின்றுவிடுமோ? திருத்தாவிட்டால் நான் என்ன ஆவேன்?

ஜனவரி, புனித ஆக்னஸ் நாள்

திருத்திவிட்டேன். "நான் கிஸ்லா, அம்மா." நெடுநேரம் என் முகத்தையே பார்த்தார். "ஆமா, அவ எங்க? எழுத வர்றதே இல்லையே" என்றார்.

பிப்ரவரி, மெழுகுவர்த்தித் திருநாள்

புதிதாக ஓர் இரங்கற்பாட்டு. இதுவரை அம்மா இயற்றியதில் இதுதான் அழகு.

"கிஸ்லா நல்ல பொண்ணு. இருந்தவரைக்கும் அவகிட்ட ஒரு நல்ல வார்த்த சொன்னதில்ல. இத யாரு எழுதுவா, கண்ணு?"

"நான் எழுதறேம்மா."

என் பெயர்மேல் ஒரு நீண்ட சுரவரிசை வைத்திருந்தார். பிழையில்லாமல் எழுதிக்கொண்டேன். மாலை வழிபாட்டில் அதைப் பாடப்போகிறவளும் நான்தான்.