எண் ஏழின் விரல்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து மழை. கரமனைப் பாலத்தில் பஸ் நின்றது நின்றதுதான். குடையை லேபிலேயே மறந்து வந்தாயிற்று.

இன்று விரல்களை அளந்தோம். லேசர் ஒளியைத் தோல் வழியாக உள்ளே விட்டு, எலும்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தைப் பிரித்துப் பார்ப்பது. மூட்டுத் தேய்மானம் தொடங்கினால், வலிக்கும் முன்பே, எக்ஸ்ரேயில் தெரியும் முன்பே, எலும்பில் சுண்ணாம்புக்கும் புரதத்துக்கும் உள்ள விகிதம் மாறும். வரைபடத்தில் முகடுகளின் உயரம் காட்டிக்கொடுத்துவிடும். நோயில்லாத விரல்கள் போதவில்லை என்று லேபில் இருப்பவர்களே கையை நீட்டினோம். பெயர் கிடையாது, எண் மட்டும். நான் ஏழு.

சாயங்காலம் ப்ரொஃபஸர் வரைபடங்களைப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஏழில் நின்றார். "ஈ ஏழு ஆரா? இது நார்மல் அல்லல்லோ." ஏழு யார், நார்மல் இல்லையே, நோயாளிகள் கூட்டத்தில் போய் நிற்கிறதே என்றார். கூட வேலை பார்க்கும் சுஜா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

எனக்கு முப்பத்திநாலு.

ஜூன் 10, செவ்வாய்

மழை விட்டுவிட்டு. தூக்கமே இல்லை.

உன் விரல் எந்த வயதில் கோண ஆரம்பித்தது என்று அம்மாவிடம் கேட்டேன், சும்மா கேட்பதுபோல. "நாப்பது இருக்கும். டைப் அடிக்க முடியலைன்னுதானே வேலையை விட்டேன். ஏண்டி?" ஒன்றுமில்லை என்றேன். இப்போது தோசைத் திருப்பியைக்கூட அவளால் பிடிக்க முடியாது. தைலப் பாட்டிலை நான்தான் திறக்க வேண்டும்.

பல் தேய்க்கும்போது விரலை மடக்கி மடக்கிப் பார்த்தேன். வலியே இல்லை. வலித்திருந்தால் இவ்வளவு பயம் வந்திருக்காது.

ப்ராஜெக்ட் விண்ணப்பத்தில் நானே எழுதிய வரி: வலிக்கும் முன்பே கண்டுபிடிக்கலாம். கண்டுபிடித்து? அதற்கப்புறம் ஒரு வரி எழுதவில்லை. தேய்ந்ததைத் திருப்பித் தரும் மருந்து எங்கே இருக்கிறது?

ஜூன் 11, புதன்

மத்தியானம் கை கழுவும்போது சட்டென்று: தைலம்! தினமும் காலையில் இந்த வலது கையால்தானே அம்மாவுக்குத் தேய்க்கிறேன். அளக்கும் முன் ஸ்பிரிட்டால் துடைத்தோம், சரி. ஆனால் விரல் ரேகையெல்லாம் தைலத்தின் மஞ்சள். லேசர் பட்டால் அதுவே மினுங்கி வரைபடத்தைக் கெடுத்துவிடும். அடி மக்கு! வருகிறவர்களிடமெல்லாம் கையில் எதுவும் தடவாமல் வாருங்கள் என்று சொல்கிறவளே நான்தான். சந்தோஷத்தில் சுஜாவுக்கு டீ, பழம்பொரி.

இடது கையில் தைலம் படுவதே இல்லை. அதை வைத்துப் பார்த்தால் இப்போதே தெரிந்துவிடும். கருவி காலியாகத்தான் கிடந்தது. வைக்கவில்லை.

வாங்க: வாசனையில்லாத சோப்பு, உளுந்து, அம்மாவுக்குக் கண் மருந்து.

ஜூன் 13, வெள்ளி

நேற்றும் இன்றும் தேய்க்கவில்லை. லேப் வேலைக்கு ஆகாது என்று சொல்லிவிட்டேன். அம்மா தானே தேய்க்கப் பார்த்திருக்கிறாள். பாட்டில் கைநழுவி அடுக்களை முழுக்க எண்ணெய். நான் துடைத்துக்கொண்டிருக்கும்போது சொன்னாள்: "எண்ணெய் நாத்தம் பிடிக்கலைன்னா சொல்லப்படாதோ? நேக்கு ஒண்ணும் வருத்தமில்லை."

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தேன்.

ஜூன் 14, சனி

வெயில். லேபில் யாருமில்லை.

முதலில் வலது கை. மினுமினுப்பு நன்றாகக் குறைந்திருந்தது, தைலம் இருந்தது வாஸ்தவம். முகடுகள் அப்படியே.

பிறகு இடது. கண்ணை மூடிக்கொண்டேன். மூடினால் என்ன, வரைபடம் வரத்தானே செய்யும். அதுவும் அப்படியே.

புதுக் கருவி, அளந்தது கொஞ்சம் பேர், இதை வைத்து யாரையும் நோயாளி என்று சொல்லக் கூடாது. எல்லாம் தெரியும். மற்றவர்களுக்கு இதைச் சொல்கிறவளே நான். பயமாக இருக்கிறது. ரொம்பப் பயமாக இருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

மறுபடி மழை. சாலைக்கடையில் நேற்று வாங்கிய புதுத் தைலம். காபி குடித்ததும் அம்மா எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு விரலாகத் தேய்த்தேன்.

முடிந்ததும் கையில் கொஞ்சம் எண்ணெய் மீதி. துடைக்காமல் என் விரல் முட்டிகளில் தேய்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன், நினைவில்லாமல். நிமிர்ந்தபோது அம்மா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒனக்குமா?" என்றாள்.