அடியில் வைத்த புள்ளிகள்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். மருந்துக்கடையின் முன்கண்ணாடி நலமாக இல்லை, அதனால் அப்படி எழுத முடியவில்லை. என் எண்ணைப் பார்த்தால் நீ போனை எடுப்பதில்லை, ஆகவே கடிதம். முகவரியை உன் பழைய கிடங்கு மேற்பார்வையாளரிடம் வாங்கினேன். கொடுத்தார் என்று அவரிடம் சண்டைக்குப் போகாதே. அழுது வாங்கினேன். வேண்டும்போது எனக்கு அழ வரும் என்பது உனக்கே தெரியும்.

அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. அதே பஸ், அதே வழித்தடம், அதே முணுமுணுப்பு. எனக்கு அச்சகத்தில் பாடப்புத்தக வேலை. நாளெல்லாம் பிழை திருத்திக் கண் பூத்துப்போகிறது. வீட்டுச் செய்தி அவ்வளவுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வாரத்துக்கு முன் ஒரு காலை, நம் தெருக் கடைகளின் ஷட்டருக்கு அடியில் ஒரு தாள் கிடந்தது. கையால் எழுதி நகலெடுத்த தாள். ஐந்து பேருடைய பெயர்கள். கடிகாரம் பழுதுபார்ப்பவர், மருந்துக்கடை அம்மா, முடிதிருத்தும் அண்ணன் தம்பி இருவர், மாடியில் கணக்கு சொல்லித்தரும் டீச்சர். ஒவ்வொரு பெயரையும் கோடு போட்டு அடித்திருந்தது. இவர்கள் எல்லாம் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டவர்களாம், இந்த மண் உங்களுக்கு மட்டும்தானாம். அடியில் நீ போய்ச் சேர்ந்த இயக்கத்தின் முத்திரை, ஊர்வலத் தேதி. உச்சியில் கொட்டை எழுத்தில் ஒரே ஒரு சொல்: வெளியேரு.

பார்த்ததுமே யார் எழுத்து என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்றாம் வகுப்பில் நீ ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு விளையாடப் போனாய், நினைவிருக்கிறதா? அம்மா நான் மாடிக்கு ஏரி போகிறேன் என்று. மாடிக்கு எப்போது ஏரி வந்தது, நீச்சல் தெரியாதே எனக்கு என்று அப்பா ஒரு வாரம் கேலி செய்தார். பெரிய ற, பெரிய ற என்று உன் தலையில் எத்தனை முறை குட்டியிருப்பேன். ஊரார் எழுத்துப் பிழையை எல்லாம் திருத்துகிறவள், பெற்ற பிள்ளையின் ஒரு ற-வைத் திருத்த முடியவில்லை. பிழை மட்டும் என்றால் வேறு யாரோ என்று என்னை நானே ஏமாற்றியிருப்பேன். ழு-வின் வாலை அப்படி மேலே சுழித்து எழுதுகிறவன் உலகத்திலேயே ஒருவன்தான்.

அந்த வாரம் வியாழக்கிழமை மருந்துக்கடையில் கல் விழுந்தது. கல்லை நீ எறியவில்லை என்று நம்புகிறேன். ஆனால் எறிந்தவனுக்கு விலாசம் எழுதிக் கொடுத்தது நீ. அதை நான் பூசி மெழுகப்போவதில்லை.

சனிக்கிழமை மாலை பள்ளிக்கூட ஹாலில் தெருவே கூடியது. நாற்காலி போதாமல் பாதிப் பேர் நின்றார்கள். போலீசில் சொல்லியாயிற்று, ஊர்வலத்துக்கு அனுமதி கொடுத்துவிட்டார்களாம், பார்த்துக்கொள்கிறோம் என்றார்களாம். ஊர்வலத்தன்று பேசாமல் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குள் இருந்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். கடிகாரக்காரர் எழுந்து, இருவத்தாறு வருஷத்துல ஒரு நாள்கூடச் சாத்துனதில்ல, இவனுங்களுக்காகவா சாத்தணும் என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு சாத்துகிற பேச்சை யாரும் எடுக்கவில்லை. அப்போது தம்பி முடிதிருத்துபவர் தாளைத் தூக்கிப் பிடித்து, நம்மள வெளியேறச் சொல்றவனுக்கு அதை எழுதக்கூடத் தெரியல பாருங்க என்றார். ஹாலே சிரித்தது.

நான் சிரிக்கவில்லை. எழுந்து நின்று, இதை எழுதினது என் பையன் என்று சொன்னேன்.

உன்னைக் காட்டிக் கொடுத்தேன் என்று நினைப்பாய். நினைத்துக்கொள். அவர்கள் நடுவில் அவர்களில் ஒருத்தி மாதிரி உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், அந்தத் தாளில் இரண்டாவது கையெழுத்து என்னுடையது. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். போய்விடலாம் என்று பையை எடுத்தேன். மருந்துக்கடை அம்மா தாளை என் பக்கம் நீட்டி, நீங்கதானேம்மா பிழை திருத்துறவங்க, திருத்துங்க என்றார். கோபமாகத்தான் சொன்னார். கோபப்பட அவருக்கு உரிமை உண்டு.

சிவப்புப் பேனாவை எடுத்தேன். ர-வைத் திருத்தப்போகிறேன் என்றுதான் எல்லோரும் பார்த்திருப்பார்கள். நான் அதைத் தொடவில்லை. அடித்த பெயர்களுக்கு அடியில் ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்துக்கொண்டே போனேன். ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதினேன். எங்கள் வேலையில் அது ஒரு குறி. யாராவது தவறாக ஒரு சொல்லை அடித்துவிட்டால், அழித்து எழுதமாட்டோம். அடியில் புள்ளி வைப்போம். அடித்தது செல்லாது, அந்தச் சொல் இருந்த இடத்தில் அப்படியே இருக்கட்டும் என்று அர்த்தம். இதை அவர்களுக்கு விளக்கிச் சொன்னேன். டீச்சர் தாளை வாங்கி உரக்கப் படித்தார், ஐந்து பெயரையும், ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் இருக்கட்டும் என்று. மூன்றாவது பெயரிலிருந்து ஹால் முழுக்கச் சேர்ந்துகொண்டது.

இப்போது நீ நம் தெருவைப் பார்க்க வேண்டும். எங்கள் அச்சக முதலாளி, எதற்கும் அசையாத மனுஷன், உங்கள் ஆட்கள் சுவரொட்டி அடிக்க வந்தபோது மை இல்லை என்று திருப்பி அனுப்பினார். எங்களுடையதை அன்று மாலையே அடித்துக் கொடுத்தார். ஒவ்வொரு கடை ஷட்டரிலும் கடைக்காரர் பெயர், அடியில் சிவப்புப் புள்ளிகள். பட்டியலில் இல்லாதவர்களும் கேட்டு வாங்கி ஒட்டிக்கொண்டார்கள். ஊர்வலத்துக்கு ஆள் கொண்டுவர உங்கள் இயக்கம் கேட்ட எட்டு பஸ்ஸையும் ஓட்டமாட்டோம் என்று அப்பாவின் பணிமனையில் டிரைவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். முதல் கையெழுத்து யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நடந்து வாருங்கள். நாங்கள் தெருமுனையில் குறுக்கே நிற்போம். கல்லோடு இல்லை, கம்போடு இல்லை. முதல் வரிசையில் நான், பக்கத்தில் கடிகாரக்காரர்.

கிடங்கை மூடி உன்னை வெளியே அனுப்பியபோது நீ எவ்வளவு நொந்துபோனாய் என்று எனக்குத் தெரியும். ஆறு மாதம் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாய். அப்போது உனக்கு ஓர் அறையும் இயக்கச் சட்டையும் கொடுத்தவர்கள் அவர்கள், நாங்கள் இல்லை. அந்தக் குற்றம் என்னை அறுக்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன், கிடங்கை மூடியது கடிகாரக்காரரா? பத்து வயதில் அப்பாவின் கைக்கடிகாரத்தை வாளித் தண்ணீரில் போட்டுவிட்டு யாரிடம் ஓடினாய்? மூன்று நாள் அதைப் பிரித்து உலர்த்தி ஓடவைத்துக் கொடுத்தாராமே. சுத்தம் செய்து தருகிறேன் என்று அவரே கேட்டார், அதனால் கொண்டுபோய்க் கொடுத்தேன் என்று நீ சொன்ன கதையை இத்தனை வருஷம் நம்பினோம். கூட்டம் முடிந்து வரும்போதுதான் என்னிடம் சொன்னார். உன்மேல் குறையாகச் சொல்லவில்லை. பயந்த பையன், அவன் கை அப்ப எப்படி நடுங்குச்சு தெரியுமா என்றார்.

கடைசியாக ஒன்று. நம் கதவில் மூன்று பெயர் எழுதிய பலகை இருக்கிறதே, அந்தத் தாள் வந்த அன்று அப்பா கறுப்பு மையால் உன் பெயரை அடித்துவிட்டார். நானும் தடுக்கவில்லை. கூட்டம் முடிந்து திரும்பியபோது சிவப்புப் பேனா கையிலேயே இருந்தது. உன் பெயருக்கு அடியில் புள்ளி வைத்தேன். அப்பா பின்னால் நின்று பார்த்தார். அழிக்கவில்லை.

அந்தச் சட்டையோடு ஊர்வலத்தில் வந்தால், பெற்ற மகன் என்று பார்க்காமல் வழி மறிப்பேன். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்தால் வரிசையில் என் இடது பக்கம் ஒரு ஆள் நிற்க இடம் விட்டிருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடு. உடம்பைப் பார்த்துக்கொள். நல்லபடியாக இரு, கண்ணு.

உன்னை விட்டுக்கொடுக்காத,
அம்மா

பின்குறிப்பு: வெளியேறு என்பதற்குப் பெரிய ற. திரும்பு என்பதற்குச் சின்ன ர. அதில் நீ ஒருநாளும் பிழை விட்டதில்லை.