ஒரு ரூபாய்க்குத்தான் ஓகே கொடுத்தாய்

நேற்று மாலை உன் அம்மா உன் போனை எடுத்துக்கொண்டு வந்தார். நீ போய் எட்டு மாதமாகியும் அதை அவர் அணைக்கவில்லை; தினமும் சார்ஜ் போட்டு வைக்கிறார். "இன்னாமோ வந்துகினே கீது, பாரும்மா" என்று நீட்டினார்.

படித்தேன். 'உங்களைக் காணாமல் தவிக்கிறோம். திரும்பி வாருங்கள்! முதல் வாரம் ஒரு ரூபாய் மட்டுமே.'

அந்த ஆங்கிலப் பயிற்சி ஆப்தான். போனைக் கல்லில் அடிக்கத் தோன்றியது. உன் அம்மா முகத்தைப் பார்த்து, "விளம்பரம்மா" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

நம் ஊர் பெருநகரிலிருந்து கம்பெனி வேனில் ஆறு வருடம் நாம் ஒரே சீட்டில் போனோம். ஒரு வரிசை ஆட்களின் வேலையை மேற்பார்க்கிற லைன் லீடர் ஆக வேண்டுமென்றால் இங்கிலீஷ் பேசத் தெரிய வேண்டும் என்றார்கள். அன்றைக்கே நீ அந்த ஆப்பை ஏற்றினாய். ஒரு ரூபாய் கட்டினாய், ரகசிய எண்ணைப் போட்டாய். ஒன்பது நாள் ஜன்னலோரம் உட்கார்ந்து "திஸ் இஸ் மை லைன்" என்று சொல்லிக்கொண்டே வந்தாய். வேனே சிரித்தது, நீயும் சிரித்தாய். பிறகு ஷிப்ட் மாறியது, நேரமில்லை. "ஆப்ப தூக்கிட்டேன்டி, தொல்ல வுட்டுது" என்றாய்.

தொல்லை விடவில்லை. ஆப் போன பிறகும், நீ கொடுத்த அனுமதியை வைத்துக்கொண்டு மாதம் முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது எடுத்துக்கொண்டே இருந்தார்கள். உத்திரமேரூர் மருந்துக் கடையில் அம்மாவின் பிரஷர் மாத்திரைக்குப் பணம் போகாதபோதுதான் உனக்குத் தெரிந்தது. அங்கிருந்து நேராக பேங்குக்குப் போனோம்.

"நீங்கதானம்மா பின் போட்டு ஓகே குடுத்தீங்க?" என்றார் கவுண்டரில் இருந்தவர்.

"ஒரு ரூபாய்க்குத்தான் சார் ஓகே குடுத்தேன்."

"படிச்சுப் பாத்து அழுத்தணும்மா. மாசா மாசம் எடுப்போம்னு கீழ எழுதியிருக்கும்."

வரிசையில் நின்ற யாரோ சிரித்தார்கள். நீ தலை குனிந்தாய். எப்படி நிறுத்துவது என்று நீயும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வெளியே வந்து, "வுடுடி, போனது போவட்டும். எம்மேலதான் தப்பு" என்றாய். நானும் விட்டேன். அதற்காக என்மேல் எனக்கு இருக்கிற கோபம் இன்னும் தீரவில்லை.

இரண்டு மாதம் கழித்து உனக்குக் காய்ச்சல். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் நான்கே நாள். அம்மாவுக்காக வருடா வருடம் கட்டிவந்த உயிர்க் காப்பீடு இருக்கிறதே என்று, காரியம் முடிந்ததும் நானும் உன் அம்மாவும் பேங்குக்குப் போனோம். பாலிசி செல்லாது என்றார்கள். தவணை எடுக்க வேண்டிய நாளில் உன் கணக்கில் பணம் போதவில்லையாம். அதற்கு முந்தின நாள்தான் ஆப்காரன் எடுத்திருந்தான்.

அன்றைக்கு நான் கத்தினேன். உள்ளேயிருந்து மேனேஜரே எழுந்து வந்தார். எடுக்கும் முன்னால் சொல்ல வேண்டாமா என்று கேட்டேன். ஒவ்வொரு மாதமும் சொல்லியிருக்கிறார்களாம், ஈமெயிலில். போன் வாங்கியபோது கடைக்காரர் உண்டாக்கிக் கொடுத்த முகவரி. உனக்கு ஈமெயில் இருந்ததே உனக்குத் தெரியாது!

நுகர்வோர் புகார் எழுதினேன், அலைந்தேன். ஆப்காரர்கள் மூன்று மாதப் பணத்தை 'நல்லெண்ணத்தின் பேரில்' திருப்பிக் கொடுத்தார்கள். திருடிய கைக்கு நல்லெண்ணம் வேறு! காப்பீடு போனது போனதுதான்.

உன் அம்மா பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "ஒத்த ரூபாய்க்கு ஆசப்பட்டு கெட்டாள்னு ஊர்ல சொல்றாங்க. எம்பொண்ணு ஆசப்பட்டது படிப்புக்கு. அத்த எங்கனா எய்தும்மா" என்றார். எழுதிவிட்டேன்.

இப்போதெல்லாம் சனிக்கிழமை வேனில் பெண்கள் என்னிடம் போனைக் கொடுக்கிறார்கள். எவன் எவனுக்குத் தானாகப் பணம் போகிறது என்று பட்டியலைத் திறந்து, வேண்டாததை ஒவ்வொன்றாக நிறுத்துகிறேன். போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஒருத்தி என் காதோரம் வந்து, "நான்தான்க்கா தெரியாம அமுக்கிட்டேன். யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றாள்.

"தப்பு உன்னுது இல்ல" என்றேன். வேன் முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னேன். டிரைவர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று இன்னொரு முறை சொன்னேன்.