ஐயாயிரம் ஓடும் முன்பே மாற்றச் சொன்ன ஒயில்

நோர்வூட்
19.07.2025

அன்புள்ள மகன் லோஜனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், எங்களைவிடச் சுகமாக இருப்பது இங்கே மழைதான், மூன்று வாரமாக விட்டுக்கொடுக்கவில்லை. நீ அந்த வெயிலில் உடம்பைப் பார்த்துக்கொண்டு நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும் என்று அப்பா வெள்ளிக்கிழமை தவறாமல் பிள்ளையாரிடம் சொல்லி வருகிறார், நானும் பக்கத்தில் நிற்கிறேன். தினமும் வாட்ஸ்அப்பில் பேசுகிறவள் எதற்காகக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போன மாதம் சுமனைப் பற்றி நான் அனுப்பிய குரல்பதிவை நீ அப்படியே சுமனுக்கே அனுப்பிவிட்டாய், கேட்டால் தெரியாமல் கை பட்டுவிட்டது என்றாய். காகிதத்தில் கை பட்டால் எதுவும் எங்கேயும் போகாது. ஹட்டனில் ஒயில் கடை வைத்திருக்கும் பைஸர் நானாவின் மருமகன் ஷிஹாம் வெள்ளிக்கிழமை கட்டாருக்குத் திரும்புகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். உறையின் வாயில் என் கையெழுத்தைப் போட்டு அதன்மேல் டேப் ஒட்டியிருக்கிறேன், பிரிந்திருந்தால் சொல். ஷிஹாமைச் சந்தேகப்படுகிறேன் என்று இல்லை, பழக்கம்.

விஷயம் கார்தான், ஆனால் கார் மட்டும் இல்லை. நீ அங்கே களஞ்சிய வேலையை விட்டுவிட்டு வந்து சுமனோடு பங்காளியாகச் சேர்ந்து, டிக்கோயாவில் அவன் வைத்திருக்கும் கராஜை ஹைபிரிட் வாகனங்களுக்கான பெரிய சேர்விஸ் நிலையமாக ஆக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாய். நான் அவனை விசாரித்துச் சொல்லும்வரை வேலையை விடும் கடிதத்தைக் கொடுக்காதே என்றேன், நீயும் சரி என்றாய். விசாரிக்க என்னிடம் இருந்த ஒரே சாட்சி, தை மாதத்தில் அவன் தேடித் தந்து அவனே சேர்விஸ் செய்கிற இந்தப் பழைய ஹைபிரிட் கார். சுமன் எனக்குப் புதியவன் இல்லை. உயர்தரத்தில் என்னுடைய இரசாயன வகுப்பில் அவனும் நீயும் ஒரே மேசை. செய்முறையில் அவனுடைய பியூரெட் வாசிப்புகள் கடைசித் தசமம்வரை உன்னுடையதாகவே இருக்கும். பார்த்து எழுதுகிற பிள்ளை என்று அன்றைக்கு என் மனதில் விழுந்தது, இத்தனை வருடமாகியும் அழியவில்லை.

சித்திரையில் அவன் ஒயில் மாற்றியபோது, அடுத்தது ஐயாயிரம் கிலோமீற்றருக்கு அல்லது ஆறு மாதத்துக்கு, எது முதலில் வருகிறதோ அதற்கு என்று சொல்லி கதவோரத்தில் ஒரு ஸ்டிக்கரும் ஒட்டினான். சைபர் டபிள்யூ இருபது என்ற மெல்லிய ஒயில்தான் இந்த எஞ்சினுக்கு, வேறு எதையும் யார் சொன்னாலும் ஊற்ற வேண்டாம் என்றும் சொன்னான். போன மாதக் கடைசியில் ஒருநாள் திடீரென்று போன் எடுத்து, வண்டியைக் கொண்டு வாருங்கள், ஒயிலை மாற்றிவிடுவோம் என்கிறான். ஆயிரத்து ஐந்நூறுகூட ஓடவில்லை. ஏன் என்று கேட்டேன், மழைக்காலம்தானே டீச்சர், மாத்திட்டா நல்லது என்று இழுத்தான். அவன் இழுத்த இழுப்பிலேயே எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. காரணம் இருக்கிறவன் காரணத்தைச் சொல்வான், மழையைச் சொல்ல மாட்டான். அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பொனட்டைத் திறந்து ஒயில் ஊற்றுகிற மூடியைக் கழற்றிப் பார்த்தேன். மூடியின் உட்பக்கம் முழுக்க வெண்ணெய் தடவியது மாதிரி மஞ்சளாக அப்பியிருந்தது. அளக்கும் கம்பியை இழுத்துப் பார்த்தால் ஒயில் மேல்கோட்டுக்கும் ஒரு விரல் மேலே நிற்கிறது. எந்தக் காரிலாவது ஓட ஓட ஒயில் கூடுமா? அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவர் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் குடையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். முப்பது வருடம் டீமேக்கராகத் தேயிலை பெக்டரி இயந்திரங்களோடு இருந்த மனிதர் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. அதையும் கவனித்திருக்க வேண்டும்.

சுமனிடம் போகாமல் ஹட்டனில் வேறொருவரிடம் காட்டினேன். அவர் மூடியைப் பார்த்த கையோடு, எஞ்சினுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது, ஹெட் கெஸ்கட் போயிருக்கிறது, எஞ்சினை இறக்கிப் பிரிக்க வேண்டும், வண்டியை இன்றைக்கே விட்டுவிட்டுப் போங்கள் என்றார். பார்த்த ஒரு நிமிடத்தில் எஞ்சினையே பிரிக்கச் சொல்கிறவரை நான் நம்புவேனா. ரேடியேற்றர் தண்ணீர்ப் போத்தலில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பத்து நாள் பார்த்தேன், தண்ணீர் கோட்டைவிட்டு ஒரு மயிரிழைகூட இறங்கவில்லை. பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் மூடியிலிருந்த மஞ்சளைக் கொஞ்சம் சூடான தட்டில் வைத்தேன், சடசடவென்று பொரிந்தது, அப்படியென்றால் அதில் தண்ணீர் உண்டு. கம்பியிலிருந்து எடுத்த ஒயிலை ஒரு சொட்டு விட்டேன், சத்தமே இல்லை. ஆகவே தண்ணீர் மூடியோடு சரி, எஞ்சின் ஒயிலுக்குள் போகவில்லை, ஹட்டன்காரர் சொன்னது பொய் அல்லது அவசரம். அப்புறம் சிரிஞ்சில் மெல்லிய குழாயைப் பொருத்தி, கம்பித் துளை வழியாகக் கொஞ்சம் ஒயில் இழுத்து ஒரு சோதனைக் குழாயில் எடுத்தேன். பைஸர் நானாவிடம் போய் அதே இலக்கப் புது ஒயில் ஒரு டின் கேட்டேன். அவர் மூடி வளையம் அறாமல் இருக்கிறதா, அடியில் அடித்த இலக்கமும் டின்னில் அச்சடித்த இலக்கமும் ஒன்றா என்றெல்லாம் காட்டி, இப்பொழுது பழைய டின்னில் பீப்பாய் ஒயில் நிரப்பி விற்கிறார்கள், யாரிடம் வாங்குகிறோம் என்று பார்த்து வாங்க வேண்டும் டீச்சர் என்றார். அவருடைய டின்னையும் நான் இரண்டு தடவை திருப்பிப் பார்த்தேன், சிரித்தார். இரண்டு குழாய்களையும் பிரிட்ஜின் உறைபெட்டியில் வைத்து மறுநாள் சாய்த்துப் பார்த்தேன். புது ஒயில் ஓடியது. எங்கள் காரிலிருந்து எடுத்தது கித்துள் பாணி மாதிரி யோசித்து யோசித்து இறங்கியது. எனக்குப் போதுமாக இருந்தது. சுமனுடைய கராஜின் பின்சுவரில் வெற்று ஒயில் டின்களை மூடி போட்டு வரிசையாக அடுக்கி வைத்திருப்பதை நான் முன்பே கண்டிருந்தேன், எறிய வேண்டியதை ஒருவன் எதற்காக அடுக்கி வைப்பான். பைஸர் நானா சொன்னதும் அதுவும் பொருந்திவிட்டது.

நேரே டிக்கோயாவுக்குப் போனேன். இரண்டு வேன்காரர்கள் நின்றார்கள், அவர்கள் முன்னாலேயே கேட்டேன், இதுதான் சைபர் டபிள்யூ இருபதா, அந்த டின்களில் எதை நிரப்பி எங்களுக்கு ஊற்றுகிறாய் என்று. அவன் முகம் கறுத்துப்போயிற்று, ஆனால் குரல் உயரவில்லை. பின்சுவருக்குப் போய் ஒரு டின்னை எடுத்து வந்து என் முன்னால் வைத்தான். அதில் நம்முடைய கார் இலக்கமும் சித்திரைத் திகதியும் மார்க்கரால் எழுதியிருந்தது. உள்ளே ஒரு டம்ளர் அளவு ஒயில். ஒவ்வொரு வண்டிக்கும் ஊற்றியதில் மிஞ்சியதை அந்த வண்டியின் பெயரிலேயே எடுத்து வைப்பானாம், குறைந்தால் அதிலிருந்தே விடுவதற்கு. அத்தனை டின்னிலும் இலக்கம் இருந்தது, நான் தூரத்திலிருந்து பார்த்தவள், கிட்டே போய்ப் படிக்கவில்லை. பிறகு அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "டீச்சர், நீங்கதானே படிச்சுக் குடுத்தீங்க, ஒப்பிட்டுப் பாக்குறதுன்னா எதோட ஒப்பிடுறோம்னு மொதல்ல யோசிக்கணும்னு. நீங்க பைஸர் நானா கட ஒயிலோட ஒப்பிட்டிருக்கீங்க. நான் ஊத்துனது இந்தா இருக்கு, இத கொண்டுபோய்ப் பாருங்க." வேன்காரர்களில் ஒருவர், அப்பிடிப் போடு மச்சான் என்று முணுமுணுத்தார். இருபத்திரண்டு வருடம் அந்தப் பாடத்தைப் படிப்பித்தவள் நான், எனக்கே அதைத் திருப்பிச் சொன்னான். டின்னை வாங்கிக்கொண்டு வந்தேன். வந்து பார்த்தேன், அது புது ஒயிலைப் போலவே ஓடியது.

அப்படியானால் அவன் ஊற்றியது ஒன்று, எஞ்சினில் கிடப்பது வேறொன்று. அவன் கராஜுக்கும் எங்கள் வீட்டு வாசலுக்கும் நடுவில் யாரோ எதையோ ஊற்றியிருக்க வேண்டும். கார் நிற்கும் இடத்தில் இருக்கிறது இரண்டே பேர். பின்பக்கக் கொட்டகையில் உர மூட்டைக்குப் பின்னால் தேடினேன், பெக்டரியில் கொழுந்து அரைக்கிற ரோலருக்கு ஊற்றுகிற தடித்த ஒயில் ஒரு கேனில் முக்கால்வாசி காலியாக இருந்தது. கேனைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தேன். அப்பா ரேடியோவை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "ஏத்தத்துல அது கத்துற சத்தம் கேக்கவே பாவமா இருந்துச்சு ஜெயந்தி. தண்ணி மாதிரி ஒயில ஊத்தி மலை ஏறுன்னா எப்பிடி ஏறும்? கொஞ்சம் தடிச்சதா ஊத்துனா மூச்சு வாங்காதுன்னு ரெண்டு தரம் ஊத்தினேன்." இந்தக் காருக்கு ஏற்றத்தில் எஞ்சின் கத்துவது இயல்பு, கியர் மாற்றுகிற சத்தம் இல்லாததால் ஒரேயடியாய்க் கத்துகிற மாதிரிக் கேட்கும் என்று சுமன் முதல் நாளே சொல்லியிருந்தான். அப்பா அதை நம்பவில்லை, ரோலரை நம்பினார். நம் வீட்டில் நான் ஒருத்திதான் சந்தேகப்படுகிறவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதோடு முடியவில்லை. சுமனுக்குத் தெரியுமா என்று கேட்டேன், தெரியும் என்றார். போன மாதம் கார் கழுவக் கொண்டுபோனபோது அவன் கம்பியை இழுத்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டானாம். டீச்சருக்குச் சொல்லிவிடாதே தம்பி என்று அப்பா கையைப் பிடித்திருக்கிறார். அதனால்தான் அவன் ஐயாயிரம் ஆகும் முன்பே ஒயிலை மாற்றக் கூப்பிட்டிருக்கிறான், அதனால்தான் காரணம் கேட்டபோது மழையைச் சொன்னான். வேன்காரர்கள் முன்னால் நான் அவனைக் கள்ளன் என்று சொல்லாத குறையாகக் கேட்டபோதும், ஒங்க வீட்டு ஐயாதான் ஊத்தினாரு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் தப்பியிருப்பான். சொல்லவில்லை. எங்கள் கார் டின்னை மட்டும் காட்டி, நானே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

முந்தாநாள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். ஒயிலும் பில்டரும் மாற்றினான். மூடியில் இருந்த மஞ்சளுக்குக் காரணம் நானேதானாம். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் நாலு கிலோமீற்றர், இந்தக் குளிரில் பாதித் தூரம் பற்றரியிலேயே ஓடுகிறது, எஞ்சின் சூடாகும் முன்பே நிறுத்திவிடுகிறேன், உள்ளே வியர்க்கிற ஈரம் போக வழியில்லாமல் மூடியில் தங்குகிறது. வாரத்துக்கு ஒருதரம் நுவரெலியா வரைக்குமாவது ஓட்டி எஞ்சினை நன்றாகச் சூடாக்கச் சொன்னான், ஒயிலைக் கிலோமீற்றரைப் பார்க்காமல் ஆறு மாதத்துக்கு ஒருதரம் மாற்றச் சொன்னான். பின் இருக்கைப் பக்கத்தில் பற்றரிக்குக் காற்றுப் போகும் துவாரத்தை நான் பயிற்சிக் கொப்பிக் கட்டுகளால் அடைத்து வைத்திருந்ததையும் கண்டுபிடித்து எடுத்தான். வேன்காரர்கள் சொன்னதைக் கேட்டு இறக்கத்தில் நியூட்ரலில் விட்டுக்கொண்டிருந்தேன், அதுவும் தப்பாம், கியரில் இறங்கினால்தான் பற்றரி ஏறுமாம். அதை நம்பாமல் பொகவந்தலாவை வீதி இறக்கத்தில் நானே ஓட்டிப் பார்த்தேன், திரையில் கட்டங்கள் ஏறத்தான் செய்கின்றன. அன்றைக்கு என் முன்னால் நின்ற வேன்காரர்களில் ஒருவர் முந்தாநாளும் கராஜில் நின்றார், அவருக்குக் கேட்கும்படி, நான் நினைத்தது பிழை என்று சுமனிடம் சொன்னேன். அவன் பரவாயில்ல டீச்சர் என்று துணியைத் தேடினான்.

ஆகவே நீ கேட்டதற்குப் பதில், ஒயில் விஷயத்தில் சுமன் சுத்தம். என் சந்தேகம் இப்பொழுது இடம் மாறிவிட்டது. புறப்படும்போது அவனிடம் சாதாரணமாகக் கேட்டேன், லோஜன் அங்கே வேலையை விடும் கடிதம் கொடுத்துவிட்டானா என்று. அவன் கையில் அளக்கும் கம்பி இருந்தது. ஏற்கெனவே துடைத்த கம்பியை இன்னொரு தரம் துடைத்தான். "அத லோஜன்கிட்டயே கேளுங்க டீச்சர்" என்றான். மழைக்காலம்தானே என்று இழுத்தபோது இருந்த அதே குரல். யாரோ சொல்லாதே என்று கையைப் பிடித்தால் அவன் எப்படிப் பேசுவான் என்று இப்பொழுது எனக்குத் தெரியும், கையைப் பிடித்தது இந்தத் தடவை அப்பா இல்லை.

அதனால் உன்னிடமே கேட்கிறேன் மகன். கொடுத்துவிட்டாய் என்றால் கொடுத்துவிட்டேன் என்று நீயே எழுது, சுமனை நடுவில் நிறுத்தாதே, பாவம் அவன். நான் கத்த மாட்டேன். நீ சேரப் போகிறவன் தன் மேல் பழி விழும்போதும் வாயைத் திறக்காதவன், அந்த மாதிரி ஒருத்தன் மேல் பாரத்தை ஏற்றுவது மிகவும் சுலபம், ஏற்றுகிறவனாக நீ இருக்கக் கூடாது என்பதுதான் என் பயம். தொழில் விழுந்தாலும் எழும்பலாம். கடிதம் இன்னும் கொடுக்கவில்லை என்றால் மார்கழி லீவுக்கு வந்து கராஜில் ஒரு மாதம் அவனோடு நின்று பார்த்துவிட்டுக் கொடு. ஷிஹாமிடம் இரண்டு பைக்கெட் தேயிலையும் அப்பா வறுத்த கச்சானும் அனுப்பியிருக்கிறேன், அறையில் இருக்கும் பிள்ளைகளுக்கும் கொடு. அங்கிருந்து அப்பாவுக்கு எந்த ஒயிலும் வாங்கி அனுப்பாதே, கேட்டாலும்.

எங்கே இருந்தாலும் நோய் நொடி இல்லாமல், தலை நிமிர்ந்து நிற்கிறவனாய் இரு, எங்கள் இருவர் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. பதிலைக் கையால் எழுது. அந்தப் பியூரெட் வாசிப்புகளைப் பார்த்து எழுதியது அவனா நீயா என்பதையும் மறக்காமல் அதிலேயே எழுது.

அன்புடன் அம்மா,
ஜெயந்தினி செல்லசாமி